சங்கம் அமைக்க நினைக்கிறோம், அப்பா பயப்படுகிறார்

கேள்வி: அக்கா, நான் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். கண்டியில் ஒரு தனியார் பட்டக் கற்கை நிறுவனத்தில் நான்கு வருடமாக விரிவுரையாளராக இருக்கிறேன். வருடா வருடம் 11 மாத ஒப்பந்தம். டிசம்பரில் வீட்டில் இருந்துவிட்டு ஜனவரியில் புதுக் கடிதம் வாங்கிக்கொண்டு போகவேண்டும். பேப்பர் திருத்துவது, அசைன்மென்ட் பார்ப்பது, சனிக்கிழமை ஓப்பன் டே எதற்கும் தனியாகக் காசு இல்லை. ஊழியர் சேமலாப நிதியான ஈ.பி.எஃப். கேட்டால் ‘நீங்கள் ஊழியர் இல்லை, கன்சல்டன்ட்’ என்கிறார்கள். இந்த முறை வந்த வரைவில் ‘நிறுவனத்தின் நலனுக்கு மாறான எந்தச் சங்கத்திலும் சேரக் கூடாது’ என்று புதிதாக ஒரு வரி இருக்கிறது. என்னைப் போல 38 பேர், மணித்தியாலக் கணக்கில் வந்து போகிறவர்கள் 30 பேர். தமிழ் பேசுகிற நாங்கள் 14 பேர் ஒரு வட்ஸ்அப் குரூப் வைத்து, சங்கம் அமைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். பெரிய தொழிற்சங்கம் ஒன்றிலிருந்து தங்களோடு சேரச் சொல்லி அழைக்கிறார்கள். தோட்டத்தில் முப்பது வருடம் வேலை செய்த அப்பாவோ, ‘சங்கத்தை நம்பினவன் லயத்தில், சங்கத்தை நடத்தினவன் கொழும்பில். கிடைத்த வேலையைக் காப்பாற்றிக்கொள்’ என்கிறார். இரண்டு வாரத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். என்ன செய்யட்டும்?

பதில்:

தங்கச்சி, இரண்டு வாரம் என்று எழுதியிருப்பதால் அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். தனியாளாக நின்று ‘கையெழுத்து வைக்க மாட்டேன்’ என்று சொல்லாதீர்கள். ஜனவரியில் உங்கள் கதிரையில் வேறொருவர் இருப்பார், அவ்வளவுதான் நடக்கும். எத்தனை பேரைச் சேர்க்க முடியுமோ அத்தனை பேரும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டு, அந்தப் புது வரிக்கு விளக்கமும் வரைவைப் படித்துப் பார்க்க அவகாசமும் எழுத்தில் கேளுங்கள். குரல் உயர்த்தாமல், ‘அன்புடன் வேண்டுகிறோம்’ என்ற தொனியிலேயே கேட்கலாம். அதற்குப் பிறகும் வற்புறுத்தினால் கையெழுத்து வையுங்கள். சட்டம் தந்த உரிமையை ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கிப் பறித்துவிட முடியாது. சங்கத்தில் சேரும் உரிமை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையிலேயே இருக்கிறது. ‘சங்கத்தில் சேராதே’ என்பதை வேலைக்கான நிபந்தனையாக வைப்பதைக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1999இல் வந்த திருத்தம் நேரடியாகவே தடுக்கிறது, 32அ என்ற பிரிவைப் பாருங்கள். அந்த வரியை எழுதிய சட்டத்தரணிக்கு இது தெரியாமல் இருக்காது. ‘நிறுவனத்தின் நலனுக்கு மாறான’ என்று ஒரு வால் ஒட்டியிருப்பதைப் பார்த்தாலே அது விளங்கும். வரைவைக் கையில் கொடுத்த அன்றே எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அடுத்தது ‘கன்சல்டன்ட்’ கதை. கடிதத்தில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பதை விட, வேலை எப்படி நடக்கிறது என்பதைத்தான் தொழில் அதிகாரியும் வேலைப் பிணக்குகளை விசாரிக்கிற தொழில் நியாய சபையும் பார்ப்பார்கள். நேரசூசியை யார் போடுகிறார்? காலையில் விரல் வைக்கிற மெஷின் இருக்கிறதா? லீவு வேண்டுமென்றால் யாரிடம் கேட்க வேண்டும்? உங்களுக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்பி லெக்சர் எடுக்க வைக்க முடியுமா? இந்தக் கேள்விகளுக்கு உங்கள் பதில் என்னவாக இருக்கும் என்பதை ஊகிக்கக் கஷ்டமில்லை. விரலடையாளப் பதிவு, நேரசூசி, லீவு மறுத்து வந்த ஈமெயில் எல்லாம் சாட்சிதான், ஒன்றையும் அழிக்காதீர்கள். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இலிருந்து இருக்கிறது. தற்காலிகம், ஒப்பந்தம் என்ற காரணத்துக்காக யாரையும் அது வெளியே விடுவதில்லை. உங்கள் பங்கு 8 வீதம், நிறுவனத்தின் பங்கு 12 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியான ஈ.டி.எஃப். 3 வீதம் முழுக்க நிறுவனத்தின் தலையில். சம்பளம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. 80,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், நிறுவனம் உங்கள் பெயரில் மாதம் 12,000 ரூபா கட்டியிருக்க வேண்டும். நான்கு வருடத்தில் நீங்கள் வேலை செய்த 44 மாதத்துக்கு 528,000 ரூபா. பிந்திய கட்டணம் அதற்குப் புறம்பு. இதை அப்பாவுக்கும் காட்டுங்கள். தோட்டத்தில் வேலை செய்த மனுஷனுக்கு ஈ.பி.எஃப். என்றால் என்னவென்று நாம் பாடம் எடுக்கத் தேவையில்லை.

டிசம்பர் இடைவெளிக்கும் காரணம் இருக்கிறது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருட சேவை முடித்தவருக்கு, விலகும்போது வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை கொடுக்கவேண்டும், 1983ஆம் வருடச் சட்டம் அது. உங்களுக்கு நான்கு முடிந்துவிட்டது. இந்தச் செயற்கையான இடைவெளி செல்லாது, சேவை தொடர்ச்சியானதுதான் என்று வாதாட இடம் இருக்கிறது, ஆனால் அது தன்பாட்டில் நடக்காது, நான்கு கடிதங்களையும் சம்பளச் சிட்டைகளையும் வைத்து நிரூபிக்க வேண்டி வரும். ஜனவரியில் கடிதமே வராமல் போனால் தொழில் நியாய சபைக்குப் போக ஆறு மாதம்தான் அவகாசம் என்பதை 38 பேருக்கும் சொல்லி வையுங்கள். ‘அடுத்த செமஸ்டருக்குக் கூப்பிடுகிறோம்’ என்ற வாக்கை நம்பிக் காத்திருந்து அந்த ஆறு மாதத்தைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர்.

இனி சங்கத்துக்கு வருவோம். எனக்கு உறுத்துவது அந்த வட்ஸ்அப் குரூப்தான்.

14 பேர், 14 பேரும் தமிழ் பேசுகிறவர்கள். நீங்கள் வேண்டுமென்று அப்படிச் செய்யவில்லை, கென்டீனில் யாரோடு இருந்து சாப்பிடுகிறோமோ அவர்களோடு முதலில் பேசுவது இயல்பு. ஆனால் கண்டியில், சிங்கள, முஸ்லிம் ஆட்கள் கலந்து வேலை செய்கிற இடத்தில், இது வெளியே தெரிந்த அன்றைக்கே ‘தமிழ் ஆட்கள் ஏதோ குழு சேர்க்கிறார்கள்’ என்று ஆகிவிடும். அதை நிர்வாகம் சொல்லக்கூட வேண்டியதில்லை, கென்டீனே சொல்லிவிடும். பக்கத்து மேசையில் இருக்கிற சிங்கள மிஸ்ஸுக்கும் அதே 11 மாதக் கடிதம்தானே? அவருக்கும் ஈ.பி.எஃப். இல்லைதானே? இது போக ஒரு கணக்கும் இருக்கிறது. நான் சொன்ன அதே 32அ பிரிவின்படி, எந்தத் தொழிலாளர் சார்பாகச் சங்கம் பேச வருகிறதோ அவர்களில் குறைந்தது 40 வீதம் பேர் உறுப்பினராக இருந்தால், பேச மாட்டேன் என்று நிர்வாகம் சொல்ல முடியாது. 38இல் 40 வீதம் என்றால் 16 பேர். உங்களிடம் இருப்பது 14. மணித்தியாலக்காரரையும் சேர்த்து 68 பேருக்காகப் பேசப் போகிறீர்கள் என்றால் 28 பேர் வேண்டும். ஆக எப்படிப் பார்த்தாலும் சிங்களச் சகாக்கள் இல்லாமல் உங்கள் சங்கம் கதவைத் தட்டக்கூட முடியாது. அதுவும் 40 வீதத்தோடு நிறுத்திவிடாதீர்கள். இரண்டு பேரைக் கூப்பிட்டு மிரட்டினால் கணக்கு விழுந்துவிடும். நான் என்றால் மூன்றில் இரண்டு பேர் சேரும் வரை நிர்வாகத்துக்குக் கடிதமே அனுப்ப மாட்டேன்.

ஆள் சேர்க்கிற வேலையைக் குரூப்பில் செய்யாதீர்கள். ஸ்கிரீன்ஷொட் எடுக்க ஒரு விநாடி போதும். ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசுங்கள், கட்டிடத்துக்கு வெளியே, கட்டுகஸ்தோட்டைக்குப் போகிற பஸ்ஸில், பேராதனைப் பக்கம் ஒரு தேநீர்க் கடையில், எங்கே வசதியோ அங்கே. போனதும் ‘சங்கத்தில் சேருங்கள்’ என்று ஆரம்பிக்க வேண்டாம். ‘போன செமஸ்டரில் எத்தனை பேப்பர் திருத்தினீர்கள்?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள், மிச்சத்தை அவர்களே சொல்வார்கள். இரண்டு வாரத்துக்கு ஒவ்வொருவரும் தங்கள் நேரத்தைக் குறித்து வரட்டும். லெக்சர் இரண்டு மணித்தியாலம், அதற்கு ஆயத்தம் எவ்வளவு, வினாத்தாள் தயாரிக்க எவ்வளவு, திருத்த எவ்வளவு, இரண்டாம் முறை எழுதுகிறவர்களுக்கு எவ்வளவு, ராத்திரி பத்து மணிக்கு மாணவருக்கு வட்ஸ்அப்பில் பதில் சொல்ல எவ்வளவு. உங்கள் ஒப்பந்தத்தில் ‘நிறுவனம் காலத்துக்குக் காலம் தீர்மானிக்கும் ஏனைய கடமைகள்’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும், நான் பார்த்த வரைவுகள் எல்லாவற்றிலும் இருந்தது. சம்பளம் இல்லாத வேலை முழுக்க ஒளிந்திருப்பது அந்த ஒரு வரிக்குள்தான். அதை உடைத்து, ஒவ்வொரு கடமைக்கும் ஓர் எல்லையும், எல்லையைத் தாண்டினால் ஒரு கட்டணமும் எழுத வைப்பது, சம்பளத்தை ஐயாயிரம் கூட்டுவதை விடப் பெரிய வெற்றி. ஐயாயிரத்தைக் கூட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த மாதமே இன்னும் 60 பேப்பரைத் தலையில் கட்ட அவர்களால் முடியும்.

கோரிக்கைத் தாள் மூன்று மொழியிலும் இருக்கட்டும். சிங்களத்தில் எழுதி மொழிபெயர்த்தாலும் சரி, தமிழில் எழுதினாலும் சரி, ஒரே நாளில் எல்லார் கைக்கும் போகவேண்டும்.

பதிவு செய்வது பெரிய கஷ்டமில்லை. 1935ஆம் வருடத் தொழிற்சங்கங்கள் கட்டளைச் சட்டத்தின்படி ஏழு உறுப்பினர் கையெழுத்திட்டு விண்ணப்பிக்கலாம். சங்கம் அமைத்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பம் போகவேண்டும். சங்கத்தின் விதிகளைச் சொல்கிற யாப்பு ஒன்று வேண்டும். பேராதனையில் அரச பல்கலைக்கழக ஆசிரியர் சங்கத்தில் யாரையாவது தெரிந்திருந்தால் அவர்களுடைய யாப்பைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், ஆனால் அப்படியே கொப்பி அடிக்க வேண்டாம். அவர்களுடைய சம்பளம் அரசாங்கச் சுற்றறிக்கையில் வருகிறது. அதனால் அவர்கள் அரசாங்கத்தோடு மோத வேண்டியிருக்கிறது. 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் மூன்று மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பளத்தோடு சேர்த்துக் கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதம் ஒதுக்கு என்பதையும் முன்னால் வைத்தார்கள். காலியிலிருந்து கொழும்பு வரை நடந்தும் போனார்கள். நீங்கள் மோதுவது ஓர் உரிமையாளரோடு. உங்களுக்கு வேண்டியது வர்த்தமானியில் வெளியாகிச் சட்டப்படி கட்டுப்படுத்துகிற, சங்கமும் நிர்வாகமும் பேசி எழுதுகிற ஒரு கூட்டு ஒப்பந்தம்.

‘விரிவுரையாளர் எல்லாம் நிர்வாகத் தரத்தவர், உங்களுக்கு எதற்குச் சங்கம்?’ என்று எச்.ஆர். பக்கத்திலிருந்து ஒரு பேச்சு வரலாம். அமெரிக்காவில் தனியார் பல்கலைக்கழகங்கள் அந்த வாதத்தை வைத்துத்தான் பல வருடம் தப்பித்தன. 1980இல் யெஷிவா பல்கலைக்கழக வழக்கில் அந்த நாட்டு உயர் நீதிமன்றம், அங்குள்ள பேராசிரியர்கள் முகாமையாளர் போன்றவர்கள், தொழிற்சங்கச் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை என்று தீர்த்தது. நம்முடைய சட்டத்தில் தொழிலாளி என்பதற்கு வரைவிலக்கணம் மிக அகலமானது, எந்தத் தகுதியில் வேலை செய்தாலும் தொழில் ஒப்பந்தத்தின் கீழ் இருந்தால் உள்ளே வந்துவிடுவீர்கள். அந்தப் பேச்சைக் கேட்டுப் பயப்பட ஒன்றுமில்லை. அமெரிக்காவில் பார்த்துக் கற்றுக்கொள்ள வேறொன்று இருக்கிறது. 2023 ஏப்ரலில் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், அதன் 257 வருட வரலாற்றில் முதல் தடவையாக ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முழுநேர ஆசிரியர், பாடக் கணக்கில் சம்பளம் வாங்குகிற பகுதிநேர ஆசிரியர், மருத்துவப் பீடத்தார் என்று மூன்று சங்கம், மூன்றும் ஒரே நேரத்தில் இறங்கின. ஒரு வாரத்துக்குள் இணக்கம் வந்தது. பகுதிநேரக்காரருக்கு நல்ல உயர்வு கிடைத்தது. உங்கள் இடத்தில் அந்த 30 மணித்தியாலக்காரரை ‘அவர்கள் வேறு’ என்று விட்டுவிட்டால், நீங்கள் வேலையை நிறுத்துகிற அன்று உங்கள் லெக்சரை எடுக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

அப்பா சொன்னதற்கு வருகிறேன். அதைத் தட்டிவிட எனக்கு மனமில்லை, அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2018 ஒக்டோபரில் தோட்டத்து நாள் சம்பளமாக ஆயிரம் ரூபா கேட்டு மலையகத்துப் பிள்ளைகள் காலிமுகத்திடலில் திரண்டார்கள். 2019 ஜனவரியில் அடிப்படைச் சம்பளம் 700 என்று கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. தங்களுடைய நாள் சம்பளம் எவ்வளவு என்பதைத் தோட்டத்துச் சனம் டிவியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டது. கையெழுத்துக்கு முன்னால் யாரும் காலையில் பெயர் கூப்பிடுகிற மஸ்டர் களத்துக்கு வந்து ‘இதுக்கு சம்மதமா?’ என்று கை தூக்கச் சொல்லவில்லை. ஆனாலும் சந்தா மாதாமாதம் செக்ரோல் என்ற சம்பளப் பதிவிலேயே வெட்டுப்பட்டது. பிறகு 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாக ஆயிரம் வந்தபோது தோட்டக் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்தே விலகிக்கொண்டன. அதில் இருந்த மற்ற விஷயங்களும் கேள்விக்குறியாயின, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ பறிக்கவேண்டும் என்ற சண்டை தோட்டம் தோட்டமாகக் கிளம்பியது. அப்பா இதையெல்லாம் உடம்பால் அனுபவித்தவர். அதே நேரம் 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு நின்ற தொழிலாளி கோவிந்தன் சுடப்பட்டுச் செத்ததையும் அந்தத் தலைமுறைதான் நமக்குச் சொல்லித் தந்தது. அப்பாவுக்குச் சங்கத்தின் மேல் கோபமா, சங்கம் தன் கையை விட்டுப் போனதில் கோபமா என்று ஒரு நாள் ஆறுதலாக உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். இரண்டாவதுதான் என்பது என் ஊகம்.

அந்தக் கோபத்தை யாப்பிலேயே எழுதிவிடலாம். நான் விட்டுக்கொடுக்காமல் சொல்வது இந்த ஒன்றைத்தான்: உறுப்பினரின் இரகசிய வாக்கெடுப்பு இல்லாமல் எந்த ஒப்பந்தத்திலும் யாரும் கையெழுத்து வைக்க முடியாது என்று ஒரு வாசகம் போடுங்கள். பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்கள் மூன்று பேருக்குக் குறையக் கூடாது. அதில் ஒருவர் மணித்தியாலக்காரராக இருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் என்ன கேட்டோம், என்ன சொன்னார்கள் என்று அன்று இரவே ஒரு பக்கத்தில் எல்லாருக்கும் போகவேண்டும். நிர்வாகம் ‘இதை வெளியே சொல்ல வேண்டாம், நமக்குள் இருக்கட்டும்’ என்று கேட்கும், மரியாதையாக மறுத்துவிடுங்கள். தலைவருக்கு இரண்டு வருடம், அதற்கு மேல் தொடர்ந்து இருக்கக் கூடாது. சந்தாவைச் சம்பளத்தில் வெட்டச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்காதீர்கள், குறைந்தது முதல் வருடமாவது பொருளாளர் கையால் சேர்க்கட்டும். அது தலையிடிதான். ஆனால் மாதம் ஒரு தடவை ஒவ்வொரு உறுப்பினரின் முகத்தையும் பார்த்தே ஆக வேண்டி வரும். அந்த நூறு ரூபாவைக் கொடுக்கும்போது அவர் சொல்கிற குறையையும் காதில் வாங்க வேண்டி வரும்.

பெரிய சங்கத்தோடு சேர்வது பற்றிக் கேட்டீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பேன். அவர்களிடம் அனுபவம் இருக்கிறது, சட்டத்தரணி இருக்கிறார், அமைச்சரோடு பேச வழி இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆலோசனை கேளுங்கள், தேநீர் குடியுங்கள். ஆனால் அவர்களுடைய கிளையாக ஆரம்பித்தால் உங்கள் ஈ.பி.எஃப். பிரச்சினை அடுத்த தேர்தலோடு முடிச்சுப் போடப்படும். கட்சி நிறம் வந்துவிட்டால் சிங்களச் சகாக்களில் பாதிப் பேரும், தமிழரிலேயே மற்றக் கட்சிக்காரரும் விலகிப்போவார்கள். சொந்தக் காலில் பதிவு செய்து, முதல் ஒப்பந்தம் கையில் வந்த பிறகு சம்மேளனம் ஏதாவதில் சேர்வதா என்று வாக்கெடுத்துக்கொள்ளலாம்.

நிர்வாகம் என்ன செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றேதான். முதலில் ‘நாங்கள் ஒரு குடும்பம்’ என்று ஒரு தேநீர் விருந்து. அப்புறம் உங்களில் நன்றாகப் பேசுகிற ஒருவரை, அது நீங்களாகவும் இருக்கலாம், தனியாகக் கூப்பிட்டு நிரந்தர நியமனம் தருவதாகச் சொல்வார்கள். சங்கத்தில் சேராமல் தடுக்கச் சலுகை காட்டுவதையும் 32அ பிரிவு தடுக்கிறது, ஆனால் மூடிய அறைக்குள் சொன்னதை நிரூபிக்க முடியாது, அதனால் இப்படி ஓர் அழைப்பு வந்தால் இரண்டு பேராகத்தான் போவோம் என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, இழுத்தடிப்பு. பேச்சுவார்த்தையை டிசம்பர் வரை தள்ளினால் எல்லாருடைய கடிதமும் காலாவதியாகிவிடும். ஆகவே கடிதம் கொடுக்கிற மாதத்தைக் கவனமாகத் தெரிவு செய்யுங்கள். புது மாணவரைச் சேர்க்கிற சீசனுக்குக் கொஞ்சம் முன்னால் என்பது என் யோசனை. பத்திரிகையில் விளம்பரம் போட்டிருக்கிற நேரத்தில் சண்டை வெளியே தெரிவதை எந்த நிறுவனமும் விரும்பாது.

மாணவரின் பரீட்சைப் புள்ளிகளைக் கொடுக்காமல் நிறுத்தி வைக்கலாமா என்று உங்கள் குரூப்பில் யாராவது கேட்டிருப்பார்கள். அதைக் கடைசிக்கு வையுங்கள், முடிந்தால் வைக்கவே வேண்டாம். உங்கள் மாணவர்களில் எத்தனை பேருடைய தாய் தோட்டத்தில் கொழுந்து பறித்துத் தவணைக் காசு கட்டுகிறார் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பிள்ளையின் பெறுபேறு பிந்தினால் நாளைக்கு அந்தத் தாய் நிர்வாகத்தின் பக்கம் நிற்பார். அதற்குப் பதில் ஒப்பந்தத்தில் இல்லாத சனிக்கிழமை ஓப்பன் டேக்கு எல்லாருமாகப் போகாமல் இருந்து பாருங்கள், சத்தமில்லாமல் வேலை நடக்கும்.

வரைவு ஒப்பந்தத்தை எனக்கு அனுப்பும்போது பின்னிணைப்பையும் சேர்த்து அனுப்புங்கள், கட்டணங்களும் தண்டனைகளும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நிறுவனத்து ஈமெயிலிலிருந்து அனுப்ப வேண்டாம், உங்கள் சொந்த முகவரியிலிருந்து அனுப்புங்கள். அதற்குள் சிங்களச் சகாக்களில் இரண்டு பேரோடாவது பேசியிருந்தால், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள். கூட்டுக் கடிதத்தை அதைப் பார்த்துத்தான் எழுத முடியும்.